கல்மாட் சாலையின் குழி யாருடையது

ஜெபமணி இடது கையால் முதன்முதலில் கையெழுத்துப் போட்டது ஒரு புகார் மனுவில்தான். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. கல்மாட் நகராட்சி அலுவலகத்து எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத வராதவங்க கைநாட்டு வெக்கலாமே" என்று மராத்தியில் சொன்னார். பதினான்கு வருஷம் பிரசவப் பதிவேட்டை இங்கிலீஷில் எழுதியவள் அவள். ஒரு நாள், ஒரு நேரம், ஒரு எடை தப்பாக எழுதியதில்லை. வலது மணிக்கட்டு திரும்பாமல் விறைத்து நின்றது. இல்லையென்றால் அந்த மனிதரின் மேஜையில் இருந்த மைக்கூடு அன்றைக்கு அங்கே இருந்திருக்காது.

திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கத்துக்காரி. மிஷன் ஆஸ்பத்திரியில் மிட்வைஃப் படிப்பு முடித்து, ஆறு வருஷம் அங்கேயே பிரசவம் பார்த்தவள். கணவன் ஜானுக்கு தேஹு ரோடு ராணுவ டிப்போவில் ஸ்டோர்கீப்பர் வேலை கிடைத்ததும், 1949இல் அவனோடு பூனாவுக்கு ரயிலேறினாள். டிப்போவுக்கும் பூனாவுக்கும் நடுவில் கல்மாட் என்ற சிற்றூரில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. அங்கே ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்திய பிரசவ நிலையத்தில் படித்த மிட்வைஃப் இல்லை. ஜெபமணி போய் நின்ற அன்றே வேலை கொடுத்தார்கள். இரண்டாம் வருஷம் ஒரு பழைய சைக்கிள் வாங்கினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்கேரியரில் பிரசவப் பையைக் கட்டிக்கொண்டு, குடியானவர் வீடு, ரயில்வே லைன், கூலிக் குடிசை என்று வித்தியாசம் பார்க்காமல் போவாள். முதலில் ஊர் சிரித்தது. பிறகு அந்த மணிச் சத்தம் கேட்டால் மாட்டு வண்டிக்காரன்கூட ஓரம் ஒதுங்கினான்.

1957 ஜூலையில் ஒரு சாயங்காலம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, ஜம்பு என்பவன் நிலையத்து வாசலில் வந்து நின்றான். நகராட்சியின் சாலைக் கூலிகளுக்கு மேஸ்திரி. சேலம் பக்கத்து ஆள். ஊருக்கு வெளியே சாலையோரக் குடிசைகளில் அந்தக் கூட்டம் இருந்தது.

"நர்ஸம்மா, என் பொண்டாட்டி பாமாவுக்கு வலி வந்து காத்தால இருந்து துடிக்கிறா. இப்ப சத்தமே போடமாட்டேங்கறா."

சத்தம் நின்றுவிட்டது என்பதுதான் ஜெபமணியைப் பயமுறுத்தியது. அவனைப் பின்னால் ஓடிவரச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினாள். சாலை முழுக்கத் தண்ணீர். எது மேடு, எது பள்ளம் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து ஜம்பு ஏதோ கத்தினான். மழையில் காதில் விழவில்லை. அடுத்த கணம் முன்சக்கரம் பூமிக்குள் போனது.

இடுப்பளவு பள்ளம். எழுந்து உட்கார்ந்தபோது வலது மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கை பின்பக்கமாக மடங்கித் தொங்கியது. ஜம்பு வந்து அவளைப் பார்த்ததும் "ஐயோ, ஐயோ" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோங்காத. பைய எடு. இன்னும் எம்புட்டுத் தூரம்?"

"இதோ, அந்தப் புளியமரத்தாண்டங்க."

அவன் குடையின் கம்பை ஒடித்துக் கையோடு சேர்த்துப் பை வாரால் கட்டச் சொன்னாள். நடந்தே போனாள். குடிசையில் இருந்த இன்னொரு கூலிக்காரியின் கைகளைத் தன் கைகளாக்கிக்கொண்டாள். இங்கே அழுத்து, அங்கே பிடி, இப்போது விடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அதை மட்டும் வேறு யாரையும் நம்பாமல் தன் இடது கையால் எடுத்தாள். பெண் குழந்தை அழுதது. பாமா கண்ணைத் திறந்து, "என்னம்மா உங்க கைக்கு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் ஜெபமணி மயங்கி விழுந்தாள்.

பூனா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கழித்துப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. மணிக்கட்டு மட்டும் திரும்பவில்லை. டாக்டர் ஒரு கோப்பையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். கவிழ்க்கச் சொன்னார். முடியவில்லை. "வீட்டு வேலை செய்யலாம்" என்றார் டாக்டர். ஒரு மிட்வைஃபின் தொழிலே அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அவள் மெனக்கெடவில்லை. தர்ம ஸ்தாபனத்தார் இரண்டு மாதம் பொறுத்தார்கள். பிறகு, "உங்கள் சேவையை என்றும் மறவோம்" என்று ஒரு கடிதம் அனுப்பி, மிரஜ் ஊரிலிருந்து வேறொருத்தியைக் கொண்டுவந்தார்கள்.

கடிதம் வந்த மறுநாள் அவள் அந்தச் சாலைக்குப் போனாள். மழைக்காலம் முடியப்போகிறது. குழி அப்படியே இருந்தது. ஓரத்தில் அவளுடைய சைக்கிளின் மண்காப்புத் தகடு துருப்பிடித்துக் கிடந்தது. அவள் விழுந்த பிறகு அங்கே ஒரு பால்காரனும், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரும் விழுந்திருந்தார்கள் என்று பக்கத்து டீக்கடைக்காரன் ஏதோ கிரிக்கெட் கணக்குப் போலச் சிரித்துக்கொண்டே சொன்னான். அங்கேயிருந்து நேராக நகராட்சிக்குப் போய் எழுதிக் கொடுத்ததுதான் அந்த மனு.

"இந்த ரோடு எங்களுது இல்ல, ஜில்லாவோடது" என்றார் எழுத்தர். ஜில்லா அலுவலகத்தில் வரைபடத்தை விரித்து, கல்மாட் சாலை நகராட்சிக்குக் கொடுத்து எட்டு வருஷமாகிறது என்று காட்டினார்கள். திரும்பி வந்தாள். அப்படியானால் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ராணுவ நிலம், அங்கே கேளுங்கள் என்றார் எழுத்தர். அங்கே வாசல் காவலன் உள்ளே விடவில்லை. ஜான் மேலதிகாரியிடம் கெஞ்சி ஒரு சீட்டு வாங்கித் தந்தான். உள்ளே இருந்தவர், குழி எல்லைக்கல்லுக்கு நாற்பது கஜம் இந்தப் பக்கம் இருப்பதை நடந்தே வந்து அளந்து காட்டினார். இப்படியே நவம்பர் வந்துவிட்டது.

நாலாவது தடவை நகராட்சிக்குப் போனபோது அவளைத் தலைமை அதிகாரியின் அறைக்குள் விட்டார்கள். அவர் நாற்காலி காட்டினார், தேநீர் வரவழைத்தார். பிறகு ஒரு படிவத்தை முன்னால் தள்ளினார்.

"இதுல கையெழுத்துப் போடுங்க. இருபத்தஞ்சு ரூபா கெடைக்கும்."

ஜெபமணி படித்தாள். ஆதரவற்ற பெண்களுக்கான உதவி நிதி. 'கணவரால் கைவிடப்பட்டவர்', 'விதவை', 'பிச்சை எடுப்பவர்' என்று வரிசையாகக் கட்டங்கள்.

"இதுல நான் யாரு?"

"ஏதாவது ஒண்ணுல கோடு போடுங்க. சும்மா ஒரு முறைமைக்குத்தான். பொம்பளைங்க சைக்கிள் ஓட்டக்கூடாதுன்னு நாங்க சொல்லல. ஆனா ஓட்டினா..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. ஜெபமணி எழுந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த மராத்தி, இந்தி, இங்கிலீஷ் மூன்றும் கலந்து வந்தன. "நான் பிச்சை கேக்க வரல. என் கைய ஒடிச்சது நீங்க. ஒடிச்சவன் குடுக்கறது தர்மம் இல்ல. ஒரு நாள் நீயே இந்த நாற்காலியில இருந்து எந்திரிச்சு எனக்குக் குடுப்ப." வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தேநீர் தொடப்படாமல் ஆறிக் கிடந்தது.

வீட்டில் ஜான் நடுங்கிப்போனான்.

"ஏ, நான் சர்க்கார் வேலையில இருக்கேன். நீ சர்க்கார் மேல கேஸ் போட்டா என்னைச் சும்மா விடுவானா?"

"நகராட்சி வேற, டிப்போ வேற."

"எல்லாம் ஒரே கூட்டந்தான். கர்த்தர் பாத்துக்கிடுவார்னு விடு."

"கர்த்தரா குழி தோண்டினாரு? தோண்டினவன் பாக்கட்டும். நீங்க பேசுத பேச்சு, நான் ஏதோ தப்புப் பண்ணினாப்புல இருக்கு."

அன்றிலிருந்து அந்த விஷயத்தில் இருவருக்கும் பேச்சில்லை. அவன் ஒருநாளும் கோர்ட்டுக்கு வரவில்லை. ஆனால் அவளால் ஒரு கையால் தலை பின்ன முடியாது. கோர்ட்டுக்குப் போகும் நாட்களில், அவன் வேலைக்குக் கிளம்புமுன் பின்னால் வந்து உட்கார்ந்து, கோணல்மாணலாகப் பின்னிவிட்டுப் போவான்.

பூனாவில் சிவாஜிநகர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடிப்படிக்கட்டின் அடியில் அலுவலகம் வைத்திருந்தார் வக்கீல் பத்ரிநாத். வடக்கத்திக்காரர். வெற்றிலை போட்டுப் போட்டு நாக்குத் தடித்தவர். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு முதலில் நாட்காட்டியைத்தான் பார்த்தார்.

"சிஸ்டர், நாலு மாசத்தை இந்த ஆளுங்க உங்களை அலையவிட்டே தின்னுட்டாங்க. நகராட்சி மேல வழக்குப் போட ஆறு மாசந்தான் கெடு. அதுலயும் நோட்டீஸ் குடுத்து ஒரு மாசம் காத்திருக்கணும்."

ஜெபமணிக்கு அப்போதுதான் புரிந்தது. அங்கே போ, இங்கே போ என்றதெல்லாம் சோம்பேறித்தனம் மட்டுமில்லை. கெடு தீரட்டும் என்றுதான் அலையவிட்டிருக்கிறார்கள்.

"இன்னொண்ணு," என்றார் பத்ரிநாத். "மழையில தானா விழுந்த குழின்னா நகராட்சி பொறுப்பில்லைன்னு சட்டம் பேசுவாங்க. ரோட்டை ரிப்பேர் பண்ணாம விட்டது குத்தமில்லையாம். அவங்களே தோண்டி, சரியா மூடாம, வேலி போடாம, விளக்கு வைக்காம விட்டிருந்தா அது குத்தம். அது யார் தோண்டின குழி?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சவங்களைக் கொண்டுவாங்க."

நோட்டீஸ் போனது. மூன்றாம் நாள் காலையில் அந்தச் சாலையில் ரோலர் உருண்டது. நாலரை மாதம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த குழியில் கல்லைக் கொட்டி, தார் ஊற்றி, மத்தியானத்துக்குள் மெழுகிவிட்டார்கள். ஜெபமணி போய் நின்று பார்த்தாள். புதுத் தார் வெயிலில் பளபளத்தது. பால்காரன் விழுந்தபோது மூடவில்லை, வாத்தியார் விழுந்தபோது மூடவில்லை, கோர்ட் என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் மூடிவிட்டார்கள். அவள் நடுரோட்டில் நின்று அந்தக் கறுப்புத் திட்டைச் செருப்புக் காலால் ஓங்கி உதைத்தாள். ரோலர் ஓட்டியவன் அவளைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

அங்கேயிருந்து நேரே கூலிக் குடிசைகளுக்குப் போனாள். ஜம்பு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"அன்னைக்கு நீ பின்னால இருந்து கத்தினியே, என்ன கத்தின?"

அவன் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான்.

"குழி இருக்குன்னுதானே கத்தின? உனக்கு எப்படித் தெரியும்?"

"நர்ஸம்மா, நான் அவங்ககிட்டக் கூலி வாங்கறவன். என் பேரு அவங்க கூலிக் கணக்கு மஸ்டர்ல இருக்குது. பதினாறு பேரு என்னை நம்பி ஊரைவிட்டு வந்திருக்காங்க. என்னைக் கேக்காதீங்க."

"என் கை போச்சேடா, உன் பொண்டாட்டிக்காக வந்து!"

"தெரியும்மா. தெனமும் அதான் நெனைக்கிறேன். ஆனா சாட்சிக்கு வரமாட்டேன்."

அவனை அறைந்திருப்பாள். அதற்குள் குடிசைக்குள்ளிருந்து பாமா வந்தாள். இடுப்பில் குழந்தை.

"நான் வர்றேம்மா."

"நீ உள்ள போ" என்றான் ஜம்பு.

"ஏன் போவணும்? மண்ணு சொமந்தவ நானு. நீ மேஸ்திரி, கம்பப் புடிச்சுக்கினு நின்ன. அந்தப் பள்ளத்துல எத்தினி கூடை போச்சுன்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

வழக்கு ஒன்றரை வருஷம் வாய்தாவில் போயிற்று. விசாரணை வந்தபோது நகராட்சி ஓவர்சியர் கூண்டில் ஏறி, அந்த இடத்தில் குழி எதுவும் இருந்ததே இல்லை என்றார். பத்ரிநாத், இல்லாத குழியை எதற்குத் தார் ஊற்றி மூடினீர்கள் என்று கேட்டார். அது வழக்கமான பராமரிப்பு என்றார் ஓவர்சியர். ஜெபமணி பெஞ்சிலிருந்து "பொய்!" என்று தமிழிலேயே கத்தினாள். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பத்ரிநாத் ஓடிவந்து அவளை உட்கார வைத்தார்.

பிறகு பாமா ஏறினாள். குழந்தையை ஜெபமணியின் மடியில் விட்டுவிட்டுப் போனாள். சாலைகளில் கற்ற மராத்தியில், யாருக்கும் பயப்படாமல் சொன்னாள். மே மாசம் தண்ணிக் குழாய் போடத் தோண்டினோம். என் நெஞ்சு உயரம். அப்போது நான் ஏழு மாசம். குழாய் போட்டதும் மேலே வெறும் மண்ணைத் தள்ளச் சொன்னார்கள். கல்லும் சரளையும் வேறு எங்கோ போய்விட்டது. ரோலர் வரவில்லை. மழை வந்ததும் மண் உள்ளே இறங்கிவிட்டது. ராத்திரி எரிய ஒரு சிவப்பு விளக்குக் கேட்டோம். மண்ணெண்ணெய்க்கு யார் கொடுப்பது என்றார் ஓவர்சியர்.

நகராட்சி வக்கீல் எழுந்தார். "இந்த நர்ஸ் உன் பிரசவத்தைப் பார்த்தவள். அந்த நன்றிக்குத்தானே இப்படிச் சொல்கிறாய்?"

"நன்றிக்குப் பொய் சொல்றதா இருந்தா, அந்தம்மா எனக்கு வலிக்காமப் பாத்தாங்கன்னு சொல்வேன். செத்துப் பொழைச்சேன். திட்டின திட்டு இன்னும் காதுல இருக்குது. குழி நாங்க தோண்டினதுதான்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. மே மாத மஸ்டர் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அடுத்த வாய்தாவில் அது வந்தது. 'கல்மாட் சாலை, குழாய்ப் பள்ளம்' என்று ஓவர்சியரின் கையெழுத்திலேயே இருந்தது. அதன் கீழே வரிசையாகக் கைநாட்டுகள். அவற்றில் ஒன்று பாமாவுடையது.

அந்த வாரமே ஜம்புவின் பெயரை மஸ்டரிலிருந்து அடித்தார்கள். குடிசைகளைப் பிரித்துக்கொண்டு, ஹடப்சர் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கட்டட வேலைக்குப் போனார்கள். போகுமுன் ஜம்பு ஜெபமணியின் வீட்டு வாசலில் வந்து நின்று, "உங்க கைக்கு என் சோறு சரியாப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று முழுவதும் அவள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. அவனை விரட்டியவர்கள் மேலே வந்த கோபம், அவன் சொன்னது உண்மை என்பதால் இரண்டு மடங்காயிற்று.

1960 ஜூனில் தீர்ப்பு வந்தது. நகராட்சி தானே தோண்டிய பள்ளத்தைச் சரியாக மூடாமல், தடுப்போ விளக்கோ வைக்காமல் விட்டது குற்றம். நஷ்ட ஈடு ஆயிரத்து இருநூறு. கேட்டது மூவாயிரம். பத்ரிநாத் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கையைக் குலுக்கினார். அவள் தீர்ப்பின் நகலை வாங்கிப் படித்தாள். மழையில் நிதானமாகப் போயிருக்கலாம், ஆகவே வாதியின் மீதும் ஓரளவு கவனக்குறைவு உண்டு என்று ஒரு வரி இருந்தது.

"இது என்ன?"

"அது வழக்கமா எழுதறது. விடுங்க சிஸ்டர், ஜெயிச்சுட்டோம்."

"குழந்தை கழுத்துல கொடி சுத்திக் கிடக்கும்போது நான் நிதானமாப் போகணுமா? அந்த ஜட்ஜ் சம்சாரத்துக்கு வலி வந்தா நிதானமாத்தான் போவாங்களா?"

வாழ்நாள் முழுக்க யார் அந்த வழக்கைப் பற்றிக் கேட்டாலும் அவள் அந்த வரியைத்தான் முதலில் சொன்னாள்.

நகராட்சி மேல்முறையீடு செய்து தோற்றது. தோற்ற பிறகும் பணம் கட்டவில்லை. பட்ஜெட்டில் இல்லை என்றார்கள், கூட்டம் நடக்கவில்லை என்றார்கள். 1962 தொடக்கத்தில் பத்ரிநாத் ஜப்தி உத்தரவு வாங்கினார். கோர்ட் அமீனாவும் இரண்டு சேவகர்களும் ஜெபமணியோடு நகராட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள்.

"எதையெல்லாம் எடுக்கணும்? நீங்கதான் காட்டணும்" என்றார் அமீனா.

அவள் அவசரப்படவில்லை. தலைமை அதிகாரியின் அறைக்குள் போனாள். அதே மனிதர்தான்.

"மேஜை விசிறி. சுவர்க் கடிகாரம். அந்த அலமாரி. அப்புறம், அவர் உக்காந்திருக்க நாற்காலி."

சேவகன் நாற்காலியின் கையில் கை வைத்தான். அதிகாரி எழுந்தார். வராந்தாவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. விசிறியின் கம்பியைச் சேவகன் பிடுங்கும்போது, தொப்பி போட்ட காசாளர் வியர்த்து வழிய ஓடிவந்தார். கூட்டம் நடக்காமல் கிடைக்காதிருந்த பணம் அரை மணியில் கிடைத்தது. வட்டியோடு கொடுத்தார்கள்.

அதை வாங்கிக்கொண்டு அவள் பஸ் பிடித்து ஹடப்சருக்குப் போனாள். விசாரித்து விசாரித்துப் பாமாவைக் கண்டுபிடித்தாள். பாமா குழைந்து பேசவும் இல்லை, வேண்டாம் என்று பிகு பண்ணவும் இல்லை. "வேலையில்லாம ரெண்டு மாசம் கெடந்தோம், அந்தக் கூலியக் குடுங்க" என்றாள். ஜெபமணி கொடுத்தாள். ஜம்பு கொஞ்சம் தள்ளி நின்று செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் பிரசவம் பார்க்கவில்லை. ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு டாக்டரின் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனாள். இடது கையெழுத்து ஒழுங்காயிற்று. வலது மணிக்கட்டு மழைக்காலம் தோறும் வலித்தது. "நகராட்சியவே ஜெயிச்ச அம்மா" என்று யாராவது அறிமுகப்படுத்தினால் முகத்தைச் சுளிப்பாள். "ஜெயிச்சவளுக்குக் கை திரும்புமா?" என்பாள்.

1964இல் ஒரு சாயங்காலம் கிளினிக்கிலிருந்து வரும் வழியில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சாலையின் குறுக்கே புதிதாக ஒரு பள்ளம் வெட்டியிருப்பதைப் பார்த்தாள். தடுப்பு இல்லை. விளக்கு இல்லை. தோண்டிய ஆட்கள் கடப்பாரையோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கால் மணியில் டிப்போ விடும். நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் அந்த இறக்கத்தில் வரும்.

அவள் பள்ளத்துக்கு முன்னால் போய் நடுரோட்டில் நின்றாள். முதல் சைக்கிள்காரன் மணியை அடித்தான். அவள் நகரவில்லை. பின்னால் வந்தவன் திட்டினான். "எறங்கு! எறங்கித் தள்ளிட்டுப் போ!" என்று மராத்தியில் கத்தினாள். பத்து, முப்பது, நூறு என்று சைக்கிள்கள் அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு லாரி வந்து நின்று ஹாரனை அழுத்தியது. அவள் இரண்டு கையையும் விரித்தாள். வலது கை முழுவதும் விரியவில்லை. கூட்டத்தில் ஜானும் இருந்தான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதைச் சாய்த்து நிறுத்திவிட்டு வந்து, பள்ளத்தின் மறுபக்கத்தில் போய்க் கையை விரித்து நின்றான்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு புது ஓவர்சியர் கையில் இரண்டு சிவப்பு லாந்தரோடு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா? நாங்களே வெச்சிருப்போம்ல?"

"வையி" என்றாள் ஜெபமணி. "நான் பாக்கணும்."

இரண்டு விளக்கும் எரிந்து நிலைத்த பிறகுதான் அவள் வழியை விட்டாள்.